பக்கத்துக் கொல்லைத் தென்னையில் சிக்கும் இணையக் கம்பி: மட்டையை வெட்ட யாருக்கு உரிமை?

ஓசூர்வாசி:

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் கைப்பேசிக்குச் சிக்னல் திண்ணையின் ஒரு மூலையில்தான் கிடைக்கும். ஆகவே அம்மாவோடு பேசுவதும் வாசல் கேமராவைப் பார்ப்பதும் வீட்டுக்கு வரும் ஃபைபர் கம்பியை நம்பித்தான்.

அந்தக் கம்பி தெருமுனைக் கம்பத்திலிருந்து பக்கத்துக் கொல்லைக்கு மேலாக நேரே எங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறது. தெருவழியே கொண்டுவந்தால் ஒரு திருப்பம் சுற்ற வேண்டும். 2021இல் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் கேபிளை மிச்சம் பிடிக்கக் குறுக்கே இழுத்துவிட்டார்கள். அப்போது அங்கே தடுக்க ஒன்றும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கொல்லையில் நின்ற காய்ப்பு மரங்களை வேரோடு சாய்த்திருந்தது. கொல்லைக்காரர் எங்களுக்குப் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை. மறு ஆண்டு அவர் புதிதாகக் கன்று வைத்தார். கம்பி இழுத்த சமயத்தில் கன்றுகள் இடுப்பளவுகூட இல்லை.

இப்போது மட்டைகள் கம்பியை எட்டிவிட்டன. ஆடிக்காற்று எழுந்தால் போதும், கம்பி இரண்டு மட்டைக் காம்புகளுக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது, காற்று அதை இப்படியும் அப்படியும் முறுக்குகிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு. நிறுவனத்திலிருந்து வந்த பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரத்துக்காரரிடம் அனுமதி வாங்கி வையுங்கள், வருகிறேன்" என்று போய்விடுகிறான். அன்று மாலையே "வாடிக்கையாளர் பக்கத்துக் கோளாறு" என்று புகாரை முடித்துக் குறுஞ்செய்தி வருகிறது.

சித்தப்பாவோ கொல்லைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்கிறார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தினை அளந்து சர்வேயர் ஊன்றிய கல்லை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோபம் அங்கே, அடி கம்பிக்கு.

நான் அந்த மட்டைகளை வெட்டலாமா? நிறுவனம் சட்டப்படி அவர் கொல்லைக்குள் நுழைய முடியுமா? அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: போலீஸ், மனு என்று எதுவும் கூடாது. வீட்டு விசேஷம் என்றால் கொழுந்தனார் வீட்டிலிருந்து தாம்பூலத் தட்டு இன்னும் வருகிறதாம், அதை நான் கெடுத்துவிடக் கூடாதாம்.

வேலியோரம்:

இவ்வளவு யோசிப்பானேன்? மொட்டை மாடியில் நின்று துறட்டியால் நாலு மட்டையை இழுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லை தாண்டி வரும் கிளையை வெட்ட நமக்கு உரிமை உண்டு என்பது ஊரறிந்த சட்டம்தானே.

கருப்பு அங்கி:

ஊரறிந்த சட்டத்தில் பாதியைத்தான் ஊர் அறிந்திருக்கிறது. பக்கத்து மரத்தின் கிளை என் நிலத்துக்கு மேலே நீண்டால், என் நிலத்தில் நின்றபடி, எல்லைக் கோடுவரை நான் வெட்டலாம். லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் 1894இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்தக் கொள்கையையே பின்பற்றி வருகின்றன. ஆனால் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது, வெட்டியதை எடுத்துக்கொண்டு போகவும் கூடாது.

கேள்வி கேட்டவரே, உங்கள் கதை இதற்கு நேர்மாறானது. மரம் சித்தப்பாவின் நிலத்தில், அவருடைய வானத்தில் நிற்கிறது. எல்லை தாண்டியிருப்பது உங்கள் கம்பி. அங்கே மட்டையை வெட்டினால் அது அடுத்தவர் சொத்துக்குச் சேதம் விளைவித்தல், பாரதிய நியாய சன்ஹிதா 324ஆம் பிரிவு. உள்ளே நுழைந்து வெட்டினால் அத்துமீறல் என்ற குற்றச்சாட்டும் கூடச் சேரும்.

சரி, கம்பிக்கு ஏதாவது உரிமை பிறந்திருக்கிறதா? அடுத்தவர் நிலத்தை நம் வசதிக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பேசும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி இருபது ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக அனுபவித்திருக்க வேண்டும். உங்கள் கம்பிக்கு அந்த வயது இல்லை. 13ஆம் பிரிவின் அவசிய உரிமையும் பேச முடியாது, தெருவழி என்று ஒரு மாற்று இருக்கிறதே. 2021இல் அவர் வாய்வார்த்தையாகச் சம்மதித்திருந்தால் அது 52ஆம் பிரிவு சொல்லும் உரிமம், அதாவது வெறும் அனுமதி, அவ்வளவுதான். கொடுத்தவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். உங்களுக்குச் சாதகமாக ஒரே ஒரு வரி 63ஆம் பிரிவில் இருக்கிறது: உரிமத்தைத் திரும்பப் பெற்றால், அங்கே வைத்த பொருளை எடுத்துக்கொள்ள நியாயமான அவகாசம் தர வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் அதிகாரம் வேறு விஷயம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் 10ஆம் பிரிவில் தனியார் நிலத்தின் மேலும் கம்பி கொண்டுபோகத் தந்தி அதிகாரிக்கு இடம் கொடுத்தது. அது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, நிலத்தில் பங்கு அல்ல. சேதத்தை இயன்றவரை குறைக்க வேண்டும், ஆன சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டுகிறது. 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தில், கம்பி கொண்டுபோகும் உரிமையைப் பேசும் வழியுரிமைப் பகுதி 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தனியார் நிலம் என்றால் நிறுவனம் உரிமையாளரிடம் விண்ணப்பித்து உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். உரிமையாளர் மறுத்தால், பொதுநலனுக்கு அவசியம் என்று மத்திய அரசு தீர்மானித்தால்தான் மேலே நகர முடியும். ஒரு வீட்டு இணைப்புக்காக டெல்லி அசையும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. சித்தப்பா கோபத்தில் கம்பியை அறுத்தாலும் அது குற்றமே. தகவல் போக்கைத் தடுக்கும் நோக்கத்தோடு கம்பியைச் சேதப்படுத்தினால் மூன்று ஆண்டுவரை சிறை என்று 1885 சட்டத்தின் 25ஆம் பிரிவே சொல்லிற்று. இதை அவரிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஓசூர்வாசி:

நன்றி ஐயா. கம்பிதான் எல்லை தாண்டியது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. ஒரு சந்தேகம்: மரக்கன்று கம்பிக்கு முந்தியது. ஆனால் கம்பி வந்தபோது அது இடைஞ்சலாக இல்லை. இந்த முன்பின்னுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பழைய லைன்மேன்:

உண்டு தம்பி. தொலைபேசித் துறையில் கம்பம் ஏறியே தலை நரைத்தவன் நான். எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தது அந்த 1885 தந்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரம் தகவலைத் தடுத்தாலோ, தடுக்கக்கூடும் என்று தோன்றினாலோ, தந்தி அதிகாரி நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பிப்பார். நடுவர் மரத்தை அகற்றச் சொல்லலாம். கம்பி போடுவதற்கு முன்பே அந்த மரம் அங்கே இருந்திருந்தால் மரத்துக்காரருக்கு இழப்பீடு கொடுத்தாக வேண்டும். அந்தப் பிரிவு மரத்தின் உயரத்தைக் கேட்கவில்லை, இருந்ததா என்றுதான் கேட்கிறது. உன் சித்தப்பாவின் கன்று இடுப்பளவாக இருந்தாலும் இருந்ததே. அதோடு, விண்ணப்பிப்பது தந்தி அதிகாரி, சந்தாதாரர் அல்ல. ஆகவே அந்தக் கதவு உனக்கு இல்லை.

கோர்ட்டை விடு, கம்பிக்கு வருவோம். செப்புக் கம்பிக் காலத்தில் மட்டை உரசினால் காதில் கரகரவென்று கேட்கும், சந்தாதாரரே எங்களை வைவார், நாங்கள் போய்ச் சரிசெய்வோம். உன் ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக்கு அந்த நாக்கு கிடையாது. வளைக்க வளைக்க உள்ளே போகும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. இணையம் சற்று மந்தமாகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் முழுவதும் போய்விடும். பழைய வகை இழை முப்பது மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைந்தாலே நட்டம் ஏறும். வீட்டுக்கு இழுக்கும் புதிய வகை பத்து மில்லிமீட்டர்வரை தாங்கும். மட்டைக் காம்பின் இடுக்கில் காற்று முறுக்கும்போது எந்த வகையும் தாங்காது.

அடுத்த முறை அந்தப் பையன் வரும்போது ஒளியளவு மானியை வைத்து அளவு எடுக்கச் சொல். ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டும்; மைனஸ் இருபதை ஒட்டி இருந்தால் கவலையில்லை. மைனஸ் இருபத்தேழு டிபிஎம்மைத் தாண்டினால் மோடத்துக்குக் கண் தெரியாது. அந்த எண்ணையும் தேதியையும் அவன் கையெழுத்தில் வாங்கி வை. கம்பத்தில் ஓர் அளவு, உன் வீட்டுச் சுவரில் ஓர் அளவு. கம்பத்தில் நன்றாக இருந்து சுவரில் விழுந்திருந்தால் கோளாறு நடுவில் தொங்கும் கேபிளில்தான். அது அவர்கள் இழுத்த கேபிள், அவர்கள் தேர்ந்தெடுத்த வழி. "வாடிக்கையாளர் பக்கம்" என்று எழுத முடியாது. எழுதினால் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இப்படி இரண்டு படி இருந்தாக வேண்டும். முதல் படியோடு எல்லோரும் களைத்துப்போவதால்தான் இந்தக் குறுஞ்செய்தி விளையாட்டு நடக்கிறது.

வேலியோரம் தம்பிக்கு ஒரு சொல். மாடியில் நின்று துறட்டி நீட்டுவதற்கு முன்னால் மேலே என்னென்ன கம்பி போகிறது என்று பார்த்தீர்களா? பீங்கான் குமிழில் உட்கார்ந்திருக்கும் வெற்று அலுமினியக் கம்பி மின்சாரம். அதற்குக் கீழே கறுப்பாக, மெல்லியதாகப் போவது நம்முடையது. சில கேபிள்களில் இழையோடு ஓர் எஃகுக் கம்பியும் தாங்குவதற்காக ஓடும். இழுத்த இழுப்பில் அது அறுந்து மின்கம்பியின் மேல் விழுந்தால் உங்கள் சுவர் கொக்கிவரை மின்சாரம் வரும். பச்சை மட்டையும் ஈரத்தில் மின்சாரம் கடத்தும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் வாரியத்துக்குச் சொல்லி நிறுத்தச் சொல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. இப்படித் துறட்டி நீட்டியவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வேலியோரம்:

சரி பெரியவரே, துறட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நெட்டை மரம்:

நான் பேராவூரணிப் பக்கம், தென்னைதான் பிழைப்பு. சட்டம், ஒளி எல்லாம் பேசினீர்கள். சித்தப்பாவின் கணக்கை யாராவது பார்த்தீர்களா?

தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. ஒரு பச்சை மட்டையைக் கழித்தால் ஒரு குலையைப் பலவீனப்படுத்துகிறோம். நல்ல மரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். நீங்கள் "நாலு மட்டைதானே" என்று சொல்வது அவர் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். 2019இல் வைத்தது நெட்டை ரகமாக இருந்தால் ஆறு, ஏழு ஆண்டில்தான் பாளை தள்ளும். அப்படியானால் கஜாவுக்குப் பிறகு அந்தக் கொல்லையிலிருந்து அவர் பார்க்கப்போகும் முதல் காய் இப்போதுதான் வரப்போகிறது. புயலுக்கு மறுநாள் காலையில் எங்கள் தோப்பில் வானம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தவன் மரத்தில் கத்தி வைக்கச் சம்மதிக்க மாட்டான். சர்வே கல் எல்லாம் இரண்டாம் காரணம்.

மரத்துக்கும் கெடுதல் உண்டு. பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். உள்ளே புழு குடைவது வெளியே தெரியாது, குருத்து சாயும்போதுதான் தெரியும். அதனால்தான் பச்சை மட்டையை வெட்டவே வேண்டாம், வெட்டியே தீர வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஒட்ட வெட்டுகிறவன் மரத்துக்குப் பகைவன்.

சரி, ஒரு தடவை வெட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அடுத்த மட்டை விரியும். இன்னும் சில ஆண்டில் தண்டு உயர்ந்து கொண்டை கம்பிக்கு மேலே போய்விடும், அப்போது உரசாது; ஆனால் காய்ந்த மட்டையும் தேங்காயும் மேலேயிருந்து கம்பியின் மீது விழும். அந்த மரம் நிற்கும்வரை அந்த வழியில் கம்பிக்கு நிம்மதி கிடையாது.

கம்பியை மாற்றுங்கள். மரத்தை மாற்ற முடியாது.

ஓசூர்வாசி:

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஊருக்குப் போனேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கே போய்விட்டேன். நெட்டை மரம் சொன்னது சரி. உட்காரச் சொல்வதற்கு முன்பே, "மரத்தைத் தொட வந்தாயா?" என்றுதான் கேட்டார். "இல்லை சித்தப்பா, கம்பியை எடுக்க வந்தேன்" என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கொல்லைக்கு அழைத்துப்போய்ப் பாளை வெடித்த மரத்தைக் காட்டினார், கம்பி எந்த மட்டையை அறுத்திருக்கிறது என்றும் காட்டினார். காம்பின் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு பள்ளம். அதை நான் கீழிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

கம்பியை எடுக்கும் அன்று நிறுவனத்து ஆள் ஒருவர் மட்டும் கொல்லைக்குள் வரலாம், ஏணியைத் தண்டில் சாய்க்கக் கூடாது, மூங்கிலால் கம்பியைத் தூக்கி எடுக்க வேண்டும், தன் மரமேறி கூட நிற்பார் என்று சொல்லிவிட்டார். இதையே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதுவரை கம்பி இருக்கட்டும் என்று அவகாசமும் கொடுத்தார், 63ஆம் பிரிவைச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. சந்துக் கல்லைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை, நானும் திறக்கவில்லை.

நிறுவனத்தில் அளவு எடுத்துக் கேட்டதும் பேச்சு மாறியது. கம்பத்தில் மைனஸ் 19, சுவரில் மைனஸ் 28. புதுக் கேபிள் அவர்கள் செலவு, திருப்பத்தில் நடும் கம்பம் என் செலவு என்கிறார்கள். தெரு ஓரத்தில் நட்டால் ஊராட்சியிடம் அவர்கள் விண்ணப்பிக்க வேண்டுமாம், காலம் பிடிக்குமாம். எங்கள் வாசல் மூலை அந்தத் திருப்பத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அங்கே நட்டுக்கொள்ளலாமா? பழைய லைன்மேன் ஐயா சொல்ல வேண்டும்.

பழைய லைன்மேன்:

தாராளமாக நடு. உன் பட்டாவுக்குள் நடும் கம்பத்துக்கு ஊராட்சியின் வழியுரிமை வேண்டியதில்லை. தலைக்கு மேலே மின்கம்பி இல்லாத இடமா என்று மட்டும் பார், இருந்தால் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போதுதான் ஆபத்து. சந்துப் பக்க மூலையில் மட்டும் நட்டுவிடாதே, புதிதாக ஒரு வழக்கை நட்டதாகிவிடும்.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போதும். அடிப்பகுதியைக் கான்கிரீட்டில் ஊன்றி, குழாயின் வாயை மூடிவிடு. திறந்துவிட்டால் மழைநீர் இறங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும், குளவியும் கூடு கட்டும். கேபிள் திருப்பத்தில் இரண்டு பக்கமும் இழுப்பதால் கம்பம் தெருப்பக்கம் சாயப் பார்க்கும். எதிர்ப்பக்கமாக உன் வாசலுக்குள் ஒரு தாங்கு கம்பி கட்டு. தெருவைக் கடக்கும் இடத்தில் உயரத்தில் கஞ்சத்தனம் காட்டாதே. கார் போகிறதா என்று பார்த்தால் போதாது. அறுப்புக் காலத்தில் வைக்கோல் ஏற்றி வரும் லாரியையும், உங்கள் ஊர்த் திருவிழாச் சப்பரத்தையும் நினைத்து உயரம் வை.

எஃகுக் கம்பி சேர்ந்த கேபிள் வேண்டாம், மின்சாரம் கடத்தாத நாரிழைத் தாங்கி உள்ளதைக் கேள். நடுவில் ஒட்டுப் போட விடாதே. கம்பத்திலிருந்து மோடம்வரை ஒரே நீளம், திருப்பத்தில் கவ்வியில் மட்டும் பிடிக்கட்டும். மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டும்போது சுருள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குறையக் கூடாது. பையன்கள் அவசரத்தில் கைமுட்டியளவு சுருட்டிக் கட்டிவிடுவார்கள், மட்டை செய்த வேலையை அந்தச் சுருளே செய்துவிடும்.

வீட்டுச் சுவரில் துளை வழியே நுழைவதற்கு முன் கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றி நுழைக்கச் சொல். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. நேராக நுழைத்துவிட்டுப் போனால் ஐப்பசியில் மோடத்துக்குப் பின்னால் சுவர் ஊறும். வேலை முடிந்ததும் மறுபடி சுவரில் அளவு எடுத்து எழுதி வாங்கிக்கொண்ட பிறகே அவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போடு.